சிலம்பாயி உக்காந்த பனம்பீரங்கி

ரோடும் ரயிலும் நம்ம பக்கம் எட்டிப் பாக்காத காலம். மலையடிவாரத்துல நல்லூத்துப்பட்டின்னு ஒரு ஊரு. அந்த ஊரப் பிடிக்க வெள்ளக்காரன் பட்டாளம் வருதுன்னு சேதி வந்துச்சாம். ஊருல இருந்தது வேலும் வளரியுந்தான்.

ஊர்ப் பெரியவரு கருத்தமாயன் என்ன செஞ்சாரு? வைரம் பாஞ்ச பனைய வெட்டி, நடுவ குடைஞ்சு, வண்டிச்சக்கரத்து இரும்புப் பட்டாவச் சுத்தி அடிச்சு, இதான் நம்ம பீரங்கின்னு நிறுத்திட்டாராம். ஊரே மால போட்டு, குலவ போட்டுச்சாம்.

"திரி வைக்கிறது யாரு?"ன்னாராம்.

"நான் வைக்கிறேன்"னு வந்தான் அவரு தம்பி மகன் ஒச்சப்பன். அவன் பொண்டாட்டிதான் சிலம்பாயி. எங்க வகையறாவுக்கே மூத்தவ.

அவ பனையத் தட்டிப் பாத்தாளாம். "மாமா, குண்டு முன்னால போகுமா, மரம் பக்கவாட்டுல பிளக்குமா? ஒருக்கா வெடிச்சுப் பாருங்க."

"திருவிழா வேட்டுக்கு வச்சிருந்த மருந்தே கொஞ்சம் தாயி. வீணாக்க முடியாது."

"எம்புருசன மட்டும் வீணாக்கலாமா?"

ஒச்சப்பன் தலையக் குனிஞ்சுக்கிட்டானாம். பெரியவரு மொறைச்சாராம். இவ பீரங்கி மேல ஏறி உக்காந்துட்டா. கெஞ்சுனாக, எந்திரிக்கல. வஞ்சாக, எந்திரிக்கல. அடுத்தவன் பொண்டாட்டியத் தொட்டு இழுக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

பொழுது சாயங்காட்டி பெரியவரு எறங்கி வந்தாராம். "சரி, வெடிச்சுப் பாப்போம். எந்திரி."

நீளமாத் திரி போட்டு, எல்லாரும் கண்மாய்க்கரைக்கு அங்கிட்டுப் படுத்துக்கிட்டாக. ஒச்சப்பன் பத்த வச்சுட்டு ஓடியாந்து பொண்டாட்டி பக்கத்துல விழுந்தானாம்.

வெடிச்சுச்சு. குண்டு எங்கயும் போகல. பனை நாராக் கிழிஞ்சு போச்சு. ஒரு பட்டா பறந்து போயி, திரி வைக்கிறவன் நிக்கிற எடத்துல மண்ணப் பொளந்து நின்னுச்சாம்.

பெரியவரு அந்தப் பட்டாவப் பாத்தாரு, ஒச்சப்பனப் பாத்தாரு, அப்படியே தரையில உக்காந்துட்டாராம். "எம்புள்ளய நானே கொன்னுருப்பேனே தாயி"ன்னாராம். சிலம்பாயி புருசன் கையப் பிடிச்சுக்கிட்டு, அப்பத்தான் அழுதாளாம்.

அன்னைக்கே ஊரு ஆடு மாட்டோட மலையேறிருச்சு. வந்த பட்டாளம் ஆளில்லாத ஊரப் பாத்துச்சாம். நாலு கூரையக் கொளுத்துச்சாம், போயிருச்சாம். கூரைய மறுபடி வேஞ்சுக்கிட்டாக. ஒரு உசுருக்கும் சேதமில்ல.

அந்தக் கண்மாய்க்கரைக்குப் பதுங்குகரைன்னுதான் இன்னைக்கும் பேரு. குலசாமிக்கு எடுக்கிற மாசிக் களரித் திருவிழாவுக்கு அதுலதான் மொத வேட்டு போடுவோம். திரியக் கையில பிடிச்சவன், பொண்டாட்டி "வையி"ன்னு சொன்னாத்தான் வைப்பான். கல்யாணம் ஆகாதவனுக்கு அந்த வேலையே கெடையாது.