பூட்டு வந்த பிறகு வெட்டிய கேபிள்

என்னைத் தையலக்கா என்று கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தாறு. அச்சகத்துக்கு மேல்மாடியில், இடப்பக்க வீட்டில் குடியிருக்கிறேன். மார்பக அறுவை செய்துகொண்ட பெண்களுக்கு உள்ளாடை தைப்பது என் தொழில். நேரில் வந்து அளவு கொடுக்கக் கூசுகிறவர்கள் என் இணையதளத்தில் எழுதி அனுப்புவார்கள். அந்தத் தளத்தைத் தன் சர்வரில் வைத்து நடத்திக் கொடுப்பவர்தான் என்மீது புகார் கொடுத்திருக்கும் முதலாளி.

சென்ற ஆண்டு முதல் என் தளத்தைத் திறந்தால் மேலே 'பாதுகாப்பற்றது' என்று வந்தது. அதன் பிறகு ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, "ஏங்க, என் வியாதிய அதுல எழுதினா நடுவுல யாராவது படிச்சிடுவாங்களா? என் மாமியாருக்கே இன்னும் தெரியாதுங்க" என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் பிறகு அழைக்கவே இல்லை. முதலாளியிடம் கேட்டதற்கு, எஸ்எஸ்எல் சான்றிதழ் போட்டால் எழுதுவதை வழியில் யாரும் படிக்க முடியாது, பூட்டுப் படம் வரும் என்று கூறி, என் நான்கு மாத வாடகையை அதற்கு விலையாகச் சொன்னார். "இருக்கிறதுலயே இதாம்மா மலிவு" என்றார். அதை நம்பி, என் இரண்டு தையல் இயந்திரங்களில் ஒன்றை விற்கத் துணிந்தேன்.

அதன் பிறகு, இயந்திரத்தைப் பார்க்க வந்த பெண்மணி, விற்கும் காரணத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, "அத இலவசமாவே தர்றாங்களேக்கா! என் கடைக்கு ஓசியிலதான் போட்டிருக்கேன்" என்றார்.

அதன் பிறகு, நேற்று காலை பதினொரு மணிக்கு முதலாளியின் அலுவலகத்துக்குச் சென்றேன். அவர் இல்லை. அங்கே வேலை பார்க்கும் அம்மா நான் சொன்னதைக் கேட்டு, என் தளத்தின் அமைப்பைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினார். ஊசியில் நூல் கோர்க்கும் நேரம்கூட ஆகவில்லை, பூட்டு வந்துவிட்டது. அப்போது உள்ளே வந்த முதலாளி, "யாரக் கேட்டுப் போட்டே? எடு அத" என்று அந்த அம்மாவை அதட்டினார். "எடுக்காதீங்க. உங்க வீட்டுப் பொம்பளைங்க எழுதுறதா நெனச்சுக்கோங்க" என்றேன். "தையக்காரிக்கு எதுக்குடி பூட்டு?" என்று சொல்லிவிட்டு, எடுப்பதற்காக அவரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதன் பிறகு, பையிலிருந்த என் கத்தரியை எடுத்து, சுவரோரமாக அந்தக் கணினிக்குப் போன இணைய கேபிளை வெட்டினேன். அவர் என் கையைப் பிடித்து முறுக்கினார். நான் அவரைத் தொடவில்லை. கேபிளின் விலையைக் கொடுக்கச் சம்மதம். மன்னிப்புக் கேட்கச் சம்மதமில்லை.

மேற்கண்டவற்றைக் காவல் நிலைய எழுத்தர் படித்துக்காட்டக் கேட்டேன். 'ஆத்திரத்தில் என்னையறியாமல்' என்று எழுதியிருந்த இடத்தை அடிக்கச் சொன்னேன். அறிந்தேதான் வெட்டினேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை.

(ஒப்பம்)