இண்டூர் அக்கா

பட்டன் காஜாவை நான் இன்னும் கையால்தான் எடுக்கிறேன், டாக்டரம்மா. அவசரக்காரர்களுக்கு அந்த வேலை வராது. தையற்கடை நூர் பாஷாவின் பொறுமையைப் பற்றி பஸ் ஸ்டாண்டு பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

போன வருஷம், எண்பத்தாறில், என் மனைவி வஹிதாவுக்கு நீங்கள் மார்பில் ஆபரேஷன் செய்தபின், ஒரு பக்கம் பஞ்சு வைத்து ஜாக்கெட் தைத்தேன். அளவு சரியாக வர எட்டு தடவை பிரித்துத் தைத்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அவளைச் சிரிக்க வைத்தது மாதம்மாள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில். அதே நோய், அதே ஆபரேஷன். வீடு திரும்பிய பிறகும் செவ்வாய்தோறும் இண்டூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார்.

"உனக்கு இடது, எனக்கு வலது. ரெண்டு பேரும் சேந்தா முழுசா ஒருத்தி, தங்கச்சி" என்றார் ஒரு நாள். வஹிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. "நீங்க கடைக்குப் போங்க, நாங்க பேசிக்கிட்டிருக்கோம்" என்று என்னை அனுப்பிவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

மாதம்மாளுக்கும் அதேபோல் ஜாக்கெட் வேண்டுமாம். தைத்தேன். வாங்கிக்கொள்ளக் கடைக்கு வந்தபோது, "வஹிதா ஆம்பூர்ல அவ அக்கா வூட்டுக்குப் போயிட்டாளுங்க. வர நாளாகும். வந்தா நானே ஆளனுப்புறேங்க" என்றேன். அன்று மாலை வஹிதாவிடம், இண்டூர் அம்மா தவறிவிட்டதாகச் சொன்னேன்.

அவள் அழவில்லை. மூன்றாம் நாள், நோய் திரும்பாமலிருக்க ஆஸ்பத்திரியில் வைக்கிற கதிர் கரண்ட் வைக்க வரமாட்டேன் என்றாள். "அக்காவுக்கும்தானே வெச்சாங்க?" அதன்பின் தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. யாராவது கதவைத் தட்டினால் உடம்பு தூக்கிவாரிப்போடும்.

நீங்கள் நாடி பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தீர்கள். "மனசு ஒடைஞ்சிருக்குங்க. மனசு பயந்தா உடம்பும் ஓயாம பயந்துக்கிட்டே கெடக்கும். வைத்தியத்தைத் தாங்கத் தெம்பிருக்காது. பொழைச்சுக்க வேண்டியவங்க இவங்க. வூட்ல ஏதாவது துக்கமா?" என்று கேட்டீர்கள்.

"ஒண்ணுமில்லைங்க" என்றேன்.

கடையை மூடிவிட்டு நாலு மாதம் நானே கஞ்சி ஊட்டினேன், தலை வாரிவிட்டேன். பக்ரீத்துக்கு முந்தின வாரம் அடக்கம் செய்தோம்.

நேற்று மாதம்மாள் வந்தார். கன்னமெல்லாம் சதை போட்டிருந்தது. "ஏன் பாய், தங்கச்சி இன்னுமா வரலே?" என்றார். இறந்துவிட்டாள் என்று மட்டும் சொன்னேன். வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். தண்ணீர் கொடுத்தேன். புதன்கிழமை உங்களிடம் காட்ட வருவாராம். அவர் சொல்லி நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்வதைவிட, நானே சொல்லிவிடுவது முறை. வஹிதாவை நோய் கொண்டுபோகவில்லை. நான்தான் கொன்றேன்.

ஆனால் ஒன்று. கடைசிப் பத்து நாள் அவள் என் கையை விடவே இல்லை. கண்ணை மூடியபடி "அக்கா" என்பாள், நான் "உம்" என்பேன். அவ்வளவு ஆசையாக என்னை அவள் ஒருநாளும் பிடித்ததில்லை.