யோகா வகுப்பில் ஒரு குறட்டை

“நெசமாவா டீச்சர்? அந்த ஐயா கொறட்டை விட்டாரா?”

பதுளையிலிருந்து அப்புத்தளை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்து கேட்டது. கேட்டவர் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா. பக்கத்தில் இருந்தவர், அந்த அம்மாவின் மகள் உட்பட, விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கு யோகா சொல்லிக்கொடுக்கும் டீச்சர்.

“ஆமாங்க. இந்த வகுப்பு தேவையான்னு பார்க்க வந்த அதிகாரி அவரு. பிள்ளைங்களோட நீங்களும் படுத்துப் பாருங்கன்னேன். கண்ண மூடுனவரு அப்படியே தூங்கிட்டாரு!”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“பிள்ளைங்க எல்லாம் சிரிப்பா சிரிக்குதுங்க. அப்பதான் உங்க மக எந்திரிச்சி, வாயில விரல வச்சி, ‘சத்தம் போடாதீங்க, ஐயா தூங்குறாரு’ன்னா.”

“எம் மகளா? வீட்டத் தாண்டுனா வாயே தொறக்க மாட்டாளே!”

“அவதான். ரெண்டு வருசத்துல நான் கேட்ட மொதப் பேச்சு. எனக்கு அழுகையும் சிரிப்புமா வந்துருச்சி. ஐயா எந்திரிச்சி, வாரத்துக்கு ரெண்டு நாளு நடத்துங்கன்னுட்டுப் போயிட்டாரு.”

இருவரும் சிரித்த சிரிப்பில் பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் வந்து அம்மாவின் தோளருகே குனிந்தார்.

“ஒங்க எடம் வந்துருச்சி. எறங்கலயா?”

“அடுத்ததுல எறங்கி நடந்துக்கிறேன் தம்பி. டீச்சர், அவ என்ன சொன்னா? இன்னொருக்கா சொல்லுங்க.”