ஐந்து ஆம்பியர்

வால்நட் பலகை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதைவிட முகர்ந்து பார்ப்பது நல்லது. நன்றாகக் காய்ந்த பலகையில் புளிப்பு வாடை இருக்காது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தச்சு வேலையை நானாகவே பழகிக்கொண்டேன். முதலில் மசாலா டப்பாக்களுக்கு ஓர் அலமாரி. அப்புறம் ஸ்டூல்கள், ஒரு செருப்பு ஸ்டாண்டு. வீட்டைச் சோதனை போட்டபோது நீங்களே பார்த்திருப்பீர்கள், ஐயா. ஸ்டூல்களில் ஒன்று ஆடும். அதை நான் மறுக்கவில்லை.

என் அண்ணன் நூபார் அந்த ஸ்டூலைப் பற்றித்தான் வருகிறவர்களிடமெல்லாம் பேசுவார். இளம் வயதில் அவர் ஹோட்டல்களில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தவர். இந்தப் பூர்ஜ் ஹம்மூத் பகுதியில் எங்கள் வயதுக்காரர்கள் பாதிப் பேரின் கல்யாணத்தில் அவர் கச்சேரி நடந்திருக்கும். சிகரெட் அவருடைய நுரையீரலைத் தின்றுவிட்டது. அண்ணி இறந்த பிறகு என்னோடு வந்து தங்கினார். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன், வீட்டில் இடம் இருந்தது. மொன்ட்ரியாலில் இருக்கும் அவர் மகள் செவான் ஆக்சிஜன் மெஷின் வாங்கிக் கொடுத்தாள். மூக்கில் குழாயோடு அவர் கட்டிலில் சாய்ந்திருப்பார். மெஷின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கள் தெருவில் அரசு மின்சாரத்துக்காக யாரும் காத்திருப்பதில்லை. தெருவுக்கே மின்சாரம் விற்கும் ஜெனரேட்டர்க்காரரிடம் நான் ஐந்து ஆம்பியர் வாங்குகிறேன். அதில் அண்ணனின் மெஷின் ஓடும், ஃப்ரிட்ஜ் ஓடும், விளக்கு எரியும். மரத்தைக் குடைகிற ரூட்டர் இயந்திரத்தையும் சேர்த்துப் போட்டால் ட்ரிப் ஆகி எல்லாமே அணைந்துவிடும். பிறகு கீழே இறங்கிப் போய் சுவிட்சைத் தூக்கிவிட வேண்டும். ஒன்று மெஷின் ஓடும், இல்லாவிட்டால் ரூட்டர் ஓடும். இதில் கெட்ட எண்ணம் என்று எதுவும் இல்லை, வெறும் கணக்கு.

கிட்டார் செய்யப் போவதை நான் சொன்ன அன்று எதிர்வீட்டு அராக்ஸி காபிக்கு வந்திருந்தாள்.

"கேட்டியா அராக்ஸி, பர்கேவ் கிட்டார் செய்யப் போறானாம்," என்றார் அண்ணன். "உட்கார்ந்தா ஆடுற ஸ்டூல் செஞ்சான். இப்போ வாசிச்சா ஆடுற கிட்டார்."

"சும்மா இருங்க. உங்களுக்காகத்தானே செய்றாரு."

"எனக்கா? எனக்கு இருக்கிற மூச்சுக்கு விசில் அடிச்சாலே அது கச்சேரிதான். இவன் சின்ன வயசுல என் கிட்டாரத் தொட்டாலே அடி வாங்குவான். அந்த ஏக்கம், வேறென்ன."

அராக்ஸி சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் சொன்னதில் பிழையும் இல்லை, அடி வாங்கியது உண்மைதான். ஆனால் கிட்டாரை அவருக்காகத்தான் செய்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ரூட்டர் வேலை வரும்போதெல்லாம் அவரிடம் கேட்டுத்தான் செய்தேன். அவசரத்துக்கென்று ஒரு சிலிண்டர் வைத்திருந்தோம். குழாயை அதில் மாட்டிவிடுவேன். "போடா, உன் கச்சேரிய முடிச்சிட்டு வா," என்பார். பால்கனியை அடைத்துப் பட்டறையாக்கியிருந்தேன். அவருடைய அறைக்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

முதல் பலகையில் உடம்பின் வடிவம் அழகாக வந்தது. கம்பிகள் ஓடும் நீளக் கழுத்து வந்து பொருந்தும் குழியைக் குடைந்துகொண்டிருந்தேன். எலெக்ட்ரிக் கிட்டாரில் உயிரான இடம் அதுதான். கழுத்து இறுகப் பொருந்தாவிட்டால் ஒலி எழுந்தவுடன் செத்துவிடும். பாதி குடையும்போது எல்லாம் சட்டென்று அணைந்தது. ரூட்டர் உதறிப் பக்கவாட்டில் கடித்துவிட்டது. அடுத்த நொடி அண்ணன் அறையில் மெஷின் அலறத் தொடங்கியது. கரண்ட் போனால் அது அப்படித்தான் அலறும். சிலிண்டர் பத்தவில்லை என்று கையை நீட்டி மெஷினைப் போட்டுவிட்டிருக்கிறார்.

பலகையை எடுத்துப் போய்க் காட்டினேன். அவர் மூச்சு வாங்க வாங்கப் பார்த்தார்.

"போச்சா?"

"போச்சு."

"விடு. ரெண்டு பக்கமும் கைப்பிடி வெச்சிடு. காபி கொண்டு வர ட்ரே ஆச்சு."

அன்று மாலையே அராக்ஸியிடமும், தொலைபேசியில் செவானிடமும் அதைச் சொன்னார். செவான் சிரிப்பது எனக்குச் சமையலறைவரை கேட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. நான் கோபப்படுகிறவன் இல்லை என்று அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆக்சிஜன் மெஷினை அவருடைய அறையிலிருந்து நடைவழிக்கு மாற்றினேன். அதன் இரைச்சல் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். நீளமான குழாய் வாங்கி மாட்டினேன். அவருக்கு அது பிடித்திருந்தது. "இப்பதான்டா நிம்மதியா தூங்குறேன்," என்றார்.

சிலிண்டர் காலியாகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். நிரப்புகிறவனுக்குத் தொலைபேசியில் சொன்னால் வந்துவிடுவான். ஆனால் அவன் வரும் நேரம் தெரியாது. இரண்டாவது பலகையை மேசையில் இறுக்கி, குழி குடைவதற்கான அச்சை அளந்து பொருத்தி வைத்திருந்தேன். யாராவது நடுவில் வந்து அதன்மேல் கை வைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் அவனைக் கூப்பிடுவதைத் தள்ளிப்போட்டேன்.

அன்று மதியம் அண்ணன் பயறுக் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கினார். எழுப்பிக் கேட்கலாமா என்று கதவருகில் நின்று யோசித்தேன். நல்ல தூக்கம். எழுப்ப மனம் வரவில்லை. நடைவழிக்குப் போய், குழாயைச் சிலிண்டருக்கு மாற்றாமலே மெஷினின் பொத்தானை அணைத்தேன். பொத்தானை நாமே அணைத்தால் அது அலறாது. ஒரு முறை சுத்தம் செய்யும்போது கவனித்திருக்கிறேன். அவருடைய அறைக்கதவையும் சாத்தினேன். மரத்தூள் அவருக்கு ஆகாது.

பிறகு காதுக்கவசம் போட்டுக்கொண்டு ரூட்டரை ஓட்டினேன். மரம் வெண்ணெய் மாதிரி வழிவிட்டது.

அராக்ஸி கொடுத்திருக்கும் வாக்குமூலத்தில் ஒரு பிழை இருக்கிறது, ஐயா. ரூட்டர் ஓடும்போது சுவரில் தட்டுவது கேட்டதாகவும், நான்தான் ஏதோ ஆணி அடிப்பதாக அவள் நினைத்ததாகவும் சொல்லியிருக்கிறாள். ரூட்டர் ஓடும்போது எந்தச் சத்தமும் கேட்காது. அண்ணன் தட்டியது ரூட்டரை நிறுத்திய பிறகு. காதுக்கவசத்தைக் கழற்றி வைத்திருந்தேன். ஏதோ கனமான பொருளால் தட்டினார், காபிக் கோப்பையாக இருக்க வேண்டும். கூப்பிடுவதற்கு அவருக்கு மூச்சு இல்லை. முதலில் வேகமாகத் தட்டினார். போகப் போக விட்டு விட்டு.

நான் கழுத்தை எடுத்துக் குழியில் வைத்துப் பார்த்தேன். காற்றை மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு தானாக உள்ளே இறங்கியது. பசை இல்லை, திருகு இல்லை. கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் உடம்பும் சேர்ந்து வந்தது. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது. வீட்டில் அண்ணன் ஒருவர்தான். பார்த்தால் அவர் ஏதாவது சொல்வார். அன்று அதைக் கேட்க நான் தயாராக இல்லை.

அதனால் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு ஓரங்களைத் தேய்க்க உட்கார்ந்தேன். அது கைவேலை, மின்சாரம் வேண்டாம். நீங்கள் இதைக் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் ஐந்து ஆம்பியரும் சும்மாதான் இருந்தது. எழுந்து நடைவழிவரை போயிருந்தால் போதும். அதுவும் எனக்குத் தெரியும். உப்புத்தாள் போடும்போது ஒரே சீராகத் தேய்க்க வேண்டும், நடுவில் விட்டால் கை மாறிவிடும்.

தட்டுவது நின்ற பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் முடித்துவிட்டு எழுந்தேன். மெஷினைப் போட்டேன். அறைக்குள் போய் கோப்பையைக் கையிலிருந்து எடுத்தேன், தலையணையைச் சரிசெய்தேன், விலகியிருந்த குழாயை மூக்கில் ஒழுங்காக வைத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். டாக்டர் வந்து பார்த்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

செவான் அடக்கத்துக்கு வந்தாள். சுவரில் தட்டிய சத்தத்தைப் பற்றி அராக்ஸி அவளிடம் சொல்லியதும், அவள் உங்களிடம் வந்ததும் அதற்குப் பிறகு நடந்தவை. வந்த அன்று அவள் என் தோளில் சாய்ந்து, "சித்தப்பா, அப்பாவக் குழந்தை மாதிரி பாத்துக்கிட்டீங்க," என்று அழுதாள். மற்றதையெல்லாம் அவளிடம் சொல்லுங்கள், ஐயா. அதை மட்டும் மறுத்துவிடாதீர்கள், மூக்கில் குழாயைத் திரும்ப மாட்டிவிட்டது நான்தானே.