இளவரசியின் வழுக்கை

— முதல்லயே சொல்லிடறேன் சிஸ்டர், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. இந்த சுகர் கிளைடர் பார்க்கத்தான் அணில் மாதிரி சாது. ராத்திரியானா நாய்க்குட்டி மாதிரி குரைக்கும்.

— ஆஸ்பத்திரியில எனக்கு எப்பவும் நைட் டியூட்டிதான் அண்ணே. லீவு நாள்லயும் தூக்கம் வராது.

— மேலயே ஒண்ணுக்குப் போயிடும். நாத்தம் தாங்காது.

— டியூட்டி பூரா அதைத்தானே துடைக்கிறேன்.

— பறக்கும்! போன வாரம் திரைச்சீலை உச்சியிலருந்து பாய்ஞ்சு, சவரத்துக்கு உட்கார்ந்தவர் தலையில போய் இறங்குச்சு. பாதி முகம் நுரையோட ஓடினவர்தான், கடைப் பக்கமே காணோம்.

— என்னங்க, நீங்க குடுக்கறதுக்குப் பேசறீங்களா, விரட்டறதுக்கா? சிஸ்டர், இதுக்கு முன்னாடி கேட்டு வந்தவங்களையும் என் வீட்டுக்காரர் இப்படித்தான் பயமுறுத்தி அனுப்பினார்.

— நீ உள்ள போடி. இருக்கிறதைச் சொல்றேன். பத்து வருஷத்துக்கு மேல இருக்கும் சிஸ்டர், பாதியில கைகழுவ முடியாது.

— அப்புறம் ஏன் அண்ணே குடுக்கறீங்க?

— இவர் சுத்தி வளைப்பாரு சிஸ்டர், நானே சொல்றேன். ஜோடியா வாங்கினோம், ஒண்ணு செத்துப்போச்சு. அதுலருந்து இது சரியா சாப்பிடறதில்ல. தனியா இருந்தா ஏங்கியே போயிடும்னு டாக்டர் போன்லயே சொல்லிட்டாரு. ஏறி இறங்காத கடையில்ல, இன்னொண்ணு கிடைக்கல. அதான், ஏற்கெனவே கிளைடர் வளர்க்கிற வீட்டுக்குக் குடுத்துடலாம்னு...

— எங்கிட்ட ஒண்ணு இருக்கு. அதுவும் தனியாத்தான் இருக்கு.

— இருக்கா? ம்... அப்போ ஒரு விஷயம் கேட்டுக்குங்க. தட்டுல வச்சா தொடாது. ஆப்பிளைப் பொடிசா நறுக்கி, இதோ அது தூங்கற இந்தச் சட்டைப் பைக்குள்ள நீட்டினா ரெண்டு வாய் கடிக்கும். அப்புறம் அந்தத் தலை... உச்சியில முடி கொட்டிப்போச்சு. நானும் எண்ணெய் தடவித் தடவிப் பார்க்கிறேன். ஊரான் தலைக்கெல்லாம் வைத்தியம் சொல்றவன், என் இளவரசிக்கு ஒரு முடி முளைக்க வைக்க முடியல.

— பையைக் கொஞ்சம் விலக்குங்க, பார்க்கலாம். அட, முதல்ல அந்த எண்ணெயை நிறுத்துங்க அண்ணே! இது நோவே இல்ல. ஆம்பளைக் கிளைடர் வளர்ந்துட்டா உச்சந்தலை இப்படித்தான் வழுக்கையாகும்.

— ஆம்பளையா?

— ஐயோ கடவுளே! வருஷக்கணக்கா இளவரசி இளவரசின்னு கொஞ்சினாரே! என்னைக்காவது என்னை அப்படிக் கூப்பிட்டிருப்பாரா?

— சிரிக்காதடி. இந்தாங்க சிஸ்டர், தூங்குது, பதமா வாங்குங்க. இது இல்லாம நாளைக்கு எப்படிக் கடை திறப்பேன்னு தெரியல. ஆனா என் ஆசைக்காக அதைச் சாக விடக்கூடாது. கொண்டு போங்க.

— அது உங்க பையிலேயே இருக்கட்டும் அண்ணே. எனக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு, என்னோடதை அங்க கொண்டுபோக முடியாது. வீடு வீடாப் போய்ப் பார்த்துட்டேன். எல்லாரும் அழகா இருக்கும், குடுங்கன்னாங்க. அதோட தொல்லை ஒண்ணுவிடாம தெரிஞ்சும் குடுக்க மனசில்லாம நிக்கிறது நீங்க மட்டும்தான். இந்தக் கூடையைப் பிடிங்க, என்னோடது இதுக்குள்ளதான் இருக்கு, பொண்ணு. நான் வாங்கிட்டுப் போக வரல, விட்டுட்டுப் போகத்தான் வந்தேன்.