கஜுத் தோட்டக் குன்றில் என் பிலோமினா

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். உயிரோடு விட்ட ஆண்டவரிடம் கணக்குக் கேட்பது போலாகுமோ என்று பயம். இப்போது எழுதுகிறேன்.

ஓடுகிறோம். 1942. யுத்த காலம். ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு ஞாயிறு. காலை. வத்தளைக்கு அப்பால் ஒரு குன்று. சரிவெல்லாம் கஜு என்கிற முந்திரி மரங்கள். தலைக்கு மேல் எதிரி விமானம். ஒரே இரைச்சல். மகள் றீற்றா என் கையில். ஆறு வயது. பாஸ்குவுக்குத் தைத்த வெள்ளைச் சட்டை.

சற்று முன்புதான் வந்து இறங்கினோம். கொட்டாஞ்சேனையில் விடியற்பூசை கண்டு, மைத்துனன் சேவியரின் லொறியில். பாஸ்குவுக்கு முந்திய நாற்பது நாள் தவசு காலம் முழுக்கப் பழம் தொடாமல் இருந்தோம். குன்றின் உச்சியில் நின்றால் துறைமுகம் தெரியும். அங்கே பட்டாளம் பீரங்கி வைத்திருந்தது. நாங்கள் பாதிச் சரிவில் இருந்து பழம் கடித்தோம். என் மனைவி பிலோமினா மண் நிறக் காவிச் சேலை. பிள்ளை பிறந்ததற்கு அந்தோனியாருக்கு நேர்ந்தது.

"என்னக்கா, பாஸ்குவிலையும் சாமியார் கோலமா?" என்றான் சேவியர்.

"உன்னைப்போலக் குடிகாரனுக்கும் சேர்த்துத்தான்டா வேண்டுறன்."

சிரித்தோம்.

துறைமுகப் பக்கம் டம், டம். யுத்தத்தால் வெடி கொளுத்தத் தடை இருந்தது. யாரோ பெடியன்கள் கள்ளமாய்ப் பாஸ்கு வெடி கொளுத்துகிறார்கள் என்றே நினைத்தோம். எழுந்து நின்று பார்த்தோம். கரும்புகை. உச்சிப் பீரங்கி முழங்கியது. நிலம் உதறியது. ஒரு விமானம் குன்றை நோக்கித் திரும்பியது.

தோட்டக் காவல்காரர் பள்ளத்திலிருந்து பிலோமினாவைப் பார்த்துக் கத்துகிறார். "நோனா! மேலுக்கு வெள்ளை தெரியுது! பிள்ளையை மூடுங்க!"

மரத்தடியில் விழுகிறோம். சேவியர் எங்கோ பின்னால். என் உடுப்பும் வெள்ளை. பிலோமினா சேலையை அவிழ்க்கிறாள். வீட்டு வாசலில்கூட இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்பவள். பிள்ளையையும் என்னையும் அதற்குள் அமுக்கினாள். அவள் உடம்பில் வெள்ளை ரவிக்கையும் உள்பாவாடையும்தான்.

"பிலோ, உள்ளுக்கு வா!"

"இடம் காணாது! என்ரை வெள்ளை உங்களைக் காட்டிக் குடுக்கும். பிள்ளையை விடாதீங்க!"

ஓடினாள். மரங்கள் இல்லாத பக்கமாக. தடதடதட. இலைகள் கொட்டின. அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினேன். முடிக்க முடியவில்லை. சேலைக்குள் றீற்றாவின் மூச்சு மட்டும் கேட்டது.

இழந்தது: பிலோமினா, வயது இருபத்தெட்டு. சேவியரின் வலது கால். உச்சியில் இரண்டு சிப்பாய்கள், பெயர் தெரியாது.

கோயிலடியில் இதைப் புதுமை, அற்புதம் என்கிறார்கள். அந்தோனியாரின் சேலை பிள்ளையைக் காத்ததாம். அந்தோனியாரை நான் விட்டவனில்லை. செவ்வாய்தோறும் அவர் கோயிலுக்குப் போகிறேன். ஆனால் வாசிக்கிறவர்களே, பிறருக்குச் சொல்லும்போது கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள்: சேலையை அவிழ்த்தவள் பிலோமினா. வெளியே ஓடியவளும் அவள்தான்.