சணல் நெற்று

18.03.2024, திங்கள்.

போன புதன்கிழமை எழுதியதில் ஒரு சிறு பிழை. கதிர்காமு அண்ணையின் காணியில் நிற்கும் சணல், வேட்டைக்கான பறவைகள் மறைந்திருக்க விதைத்த பயிர் என்று குறித்திருந்தேன். அது விதைக்கு விட்டது. சரிபார்க்காமல் எழுதுபவன் என்று என்னை யாரும் நினைக்கக் கூடாது. ஆகவே நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

என் தங்கை நிலக்சனா போன மாதம் கயிறறுத்து ஓடிய ஆட்டைப் பிடிக்கப் புளியங்கூடல் காணிகளுக்குள் இறங்கினாள். கௌதாரி சுடும் எவனோ பயிரின் அசைவை மட்டும் பார்த்து எயார் ரைபிளால் சுட்டுவிட்டு ஓடிவிட்டான். ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். எந்தக் காணி என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. சட்டையில் காய்ந்த சணல் நெற்று ஒன்று ஒட்டியிருந்தது.

வேட்டையாடுவதற்காகப் பறவைகள் தங்கவென்றே பயிர் விதைப்பவர்கள் உண்டு, முற்றியும் அறுக்காமல் நிற்பதுதான் அடையாளம் என்று பின்னேர விவசாய வகுப்பில் ரீச்சர் சொல்லியிருந்தார். சணலைப் பசளைக்கு விதைப்பவர்கள் பூக்கும்போதே உழுது புதைத்துவிடுவார்கள். கதிர்காமு அண்ணையுடையது மட்டும் காய்ந்து நின்றது. அப்படியும் நான் அவசரப்படவில்லை. நேரே போய்க் கேட்டேன்.

"அண்ணை, இதை ஆருக்கு விதைச்சனீங்கள்?"

வரம்பு வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"கௌதாரிக்குத்தான் தம்பி. நான் விதைக்க அதுகள் வந்திருந்து தின்னுதுகள். படிக்கிற பெடியன் நீர், இதுகூட விளங்கேல்லையோ?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவரே ஒப்புக்கொண்ட பிறகு நான் என்ன செய்ய முடியும்? அவர் தண்ணீர் குடிக்கத் திரும்பியதும் மண்வெட்டியை எடுத்துப் பிடரியில் அடித்தேன். விழுந்து, புரண்டு, "ஏன் தம்பி?" என்றார். இடது கண் என்பதை மறக்காமல் அடுத்ததைப் போட்டேன். மண்வெட்டி மொட்டை, இன்னும் சில அடிகள் தேவைப்பட்டன. காலைப் பிடித்துச் சணலுக்குள் இழுத்தபோது நெற்றுகள் கிலுகிலுத்தன.

நேற்றுச் செத்தவீட்டில் கதிரைகள் அடுக்கிக் கொடுத்தேன். காணித் தகராறாக இருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். அவருடைய மனைவி அன்னபூரணம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஒருத்தருக்கும் விதைச் சணல் கிடைக்கேல்லை எண்டு இந்தமுறை உழாமல் விட்டவர், தம்பி. உங்கடை வீட்டுக்கும் ஒரு கொத்து விதை எடுத்து வைக்கச் சொன்னவர்."

பயிரை நான் சரியாகத்தான் அடையாளம் கண்டேன். விதைத்தவரின் நோக்கத்தில்தான் பிழை விட்டேன். அது யாருக்கும் வரும். தங்கையைச் சுட்டவனைப்போல் நான் அசைவைப் பார்த்து அடிக்கவில்லை, கேட்டுவிட்டுத்தான் அடித்தேன்.

அடுத்த காணி றெக்ஷனுடையது. தினை விதைத்திருக்கிறான். முற்றி உதிர்கிறது, இன்னும் அறுக்கவில்லை. இந்தமுறை எதையும் கேட்கப்போவதில்லை. கேட்டதால்தான் போனமுறை குழப்பம் வந்தது.

நாளை வகுப்பு இல்லை. பின்னேரம் றெக்ஷன் வருவதற்கு முன்பே தினைக்குள் போய் இருக்க வேண்டும்.